நாற்பத்து மூன்றாவது உருப்படி

கீழச்சாலைப்பட்டியில் மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்த தங்கப்பழம், குடியிருந்த வீடு நீங்கலாகத் தம்முடைய சொத்து முழுவதையும் தமக்குக் கடன் கொடுத்த முப்பத்தோரு பேருக்காக எழுதிக்கொடுத்த மே மாதத்துப் புதன்கிழமை மதியம், வந்தவர்கள் எல்லாரும் காப்பி குடித்துவிட்டுக் கலைந்துபோன பிறகு, வீட்டுக்குச் சாப்பிடப் போகலாமென்று எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மண்டியின் வாசல்படிக்கு வந்து வலது காலைத் தூக்கினார். கால் வெளியே போகவில்லை.

வலி இல்லை. யாரும் பிடித்து இழுக்கவும் இல்லை. படிக்கு மேலே வெறும் காற்றுதான் இருந்தது. அந்தக் காற்றில் ரோட்டுத் தூசியும் பக்கத்து ஓட்டலின் புளிக்குழம்பு வாசனையும் தாராளமாக உள்ளே வந்துகொண்டிருந்தன. ஒரு தெருநாய் உள்ளே வந்து சாக்கை மோந்து பார்த்துவிட்டு வெளியே போனது. தங்கப்பழத்தின் கால் மட்டும் படியின் விளிம்புவரை போய் அங்கேயே நின்றது. இடது காலை வைத்துப் பார்த்தார். திரும்பி நின்று பின்பக்கமாக நடந்து பார்த்தார். மூன்று நாளாக விடாத காய்ச்சலின் கோளாறாக இருக்குமென்று நினைத்துக்கொண்டு, எதிரே டீக்கடையில் நின்ற சுமைக்காரர்களைக் கை தட்டிக் கூப்பிட்டார்.

நாலு பேர் வந்தார்கள். இரண்டு பேர் வெளியே நின்று இழுக்க, இரண்டு பேர் உள்ளே நின்று தள்ள, வாசல் நிலை கிறீச்சிட்டதே தவிர ஆள் அசையவில்லை. "வேப்பமரத்தப் பிடிச்சு இழுத்த மாதிரில்லா இருக்கு அண்ணாச்சி" என்று மூத்தவன் கையை உதறிக்கொண்டான். பிறகு, பத்திரம் எழுதின அன்றைக்கு நடந்த காரியத்துக்குப் பத்திரம் எழுதினவரைத்தான் கேட்க வேண்டுமென்று அவர்களே முடிவு செய்து, பத்திர எழுத்தர் நெல்லையப்பனைக் கூட்டிவந்தார்கள்.

நெல்லையப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாம் எழுதிய பத்திரத்தைத் தாமே முதல் தடவை வாசிப்பவர்போல வாசித்தார். மண்டியின் நான்கெல்லை சொல்லி, கதவு நிலை ஜன்னல் தராசு படிக்கல் சாக்கு சணல் எல்லாம் சொல்லி, 'மற்றும் இந்தப் பத்திரம் கையெழுத்தாகும் சமயத்தில் மேற்படி இடத்துக்குள் இருக்கப்பட்டதும் எனக்கே சொந்தமாகப் பாத்தியமானதுமான சகலமும், ஒன்றுவிடாமல்' என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"கையெழுத்துப் போடும்போது நீங்க எங்க இருந்தீக?"

"இங்கதான். காய்ச்சல்னு நான் கெடந்ததாலதான ரிஜிஸ்டர் அதிகாரியே இங்க வந்தாரு?"

"நீங்க ஆருக்குப் பாத்தியம்?"

தங்கப்பழம் கொஞ்சம் யோசித்து, "எனக்குத்தான்" என்றார்.

"அப்போ சரியாத்தான் இருக்கு. நீங்களும் சொத்துல சேந்துட்டீக" என்று நெல்லையப்பன் பத்திரத்தை மடித்தார்.

கீழச்சாலைப்பட்டிக்காரர்கள் இதற்காக வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. அவர்களுக்கு வேறு கவலை இருந்தது. நாலு லாரி வற்றலை வடக்கே ஒரு பெரிய வியாபாரியை நம்பி அனுப்பி, அந்த வியாபாரி கடையைச் சாத்திக்கொண்டு காணாமல் போய், கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் வீட்டு வாசலிலேயே ஆயுள் போய்விடும் என்று பயந்து, ஊருக்குள்ளேயே பேசி, சொத்தைப் பொதுவில் ஒரு பொறுப்பாளர் கையில் விட்டு, விற்று வந்ததைப் பங்கு வைத்துக்கொள்வோம் என்று முடித்த காரியம் அது. பொறுப்பாளராகச் சாக்கு வியாபாரி மாசானமுத்துவை நியமித்திருந்தார்கள். அவருக்கும் வர வேண்டிய பாக்கி இருந்தது, என்றாலும் நியாயமான மனுஷர். அவர் அன்று சாயங்காலமே வந்து, தங்கப்பழத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சாமான் பட்டியலை எடுத்து, நாற்பத்திரண்டாவதாக இருந்த இரும்புத் தராசுக்குக் கீழே, 'தங்கப்பழம், வயது 52, ஒன்று' என்று எழுதினார்.

"கோவிச்சுக்கிடாதீங்க. விட்டுப்போச்சுன்னா நாளைக்கு என்னையத்தான் கேப்பாக."

"எழுதுங்க அண்ணாச்சி" என்றார் தங்கப்பழம்.

அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி, சொத்துக்குச் சாப்பாடு யார் போடுவது என்பது. தங்கப்பழத்தின் மனைவி செல்லக்கனி மூன்று வேளையும் தூக்குவாளியில் கொண்டுவந்து தருவதாகச் சொன்னாள். வெளியாள் சொத்துக்குள் நுழையலாமா என்று ஒருவர் கேட்டார். "சொத்து கெட்டுப்போகாம ஒருத்தி பாத்துக்கிட்டா நமக்குத்தான நல்லது" என்று மாசானமுத்து சொன்னதும் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். இரண்டாவது கேள்வி, இந்த உருப்படியால் யாருக்கு என்ன பிரயோசனம் என்பது. அதற்கு, கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவதுபோல முறை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. முப்பத்தோரு பேர், தேதிக்கு ஒருவர், பாக்கி பெரியவருக்கு முதல் தேதி, பாக்கி சிறியவருக்குக் கடைசித் தேதி.

அப்படித்தான் தங்கப்பழம் ஊருக்குப் பொதுவானார். லாரி ஆபீஸ்காரர் தம்முடைய தேதியில் வந்து வாடகைச் சீட்டுகளை எழுத வைத்தார். இன்னொரு மண்டிக்காரர் கூடை கூடையாக வற்றல் கொண்டுவந்து தரம் பார்க்கச் சொன்னார். தங்கப்பழம் ஒரு வற்றலை எடுத்துக் காதருகே குலுக்கி, உள்ளே விதை பேசுகிற பேச்சைக் கேட்டே அது எந்த ஊர்க் கரிசலில் விளைந்தது, எத்தனை வெயில் கண்டது என்று சொல்லக்கூடியவர். சீட்டுப் பிடித்த அம்மாள் ஒருத்தி தன் தேதியில் காலையிலிருந்து மதியம்வரை உட்கார்ந்து திட்டுவாள், சாப்பிட்டுவிட்டு வந்து சாயங்காலம்வரை திட்டுவாள், போகும்போது "உடம்பப் பாத்துக்கிடுங்க" என்பாள். பதினெட்டாம் தேதிக்காரர் தாயம் விளையாட வந்தார். தோற்றால் அவருக்குக் கோபம் வரும், ஆகவே தங்கப்பழம் தோற்றுக்கொண்டே இருந்தார்.

இதற்கிடையே மாசானமுத்து சாமான்களை ஒவ்வொன்றாக விற்றார். தராசு போயிற்று, படிக்கல் போயிற்று, மேஜை போயிற்று, மின்விசிறியும் போயிற்று. சாமான் குறையக் குறைய தங்கப்பழம் அடைபட்டிருந்த இடம் பெரிதாகிக்கொண்டே போனது. நாற்பத்தோரு எட்டு நீளம், பத்தொன்பது எட்டு அகலம். இருமினால் எதிர்ச் சுவர் திரும்ப இருமியது. வற்றல் எல்லாம் போன பிறகும் அதன் நெடி சுவருக்குள் இருந்து வெயில் ஏற ஏற வெளியே வந்து கண்ணைக் கரிக்க வைத்தது. கம்பி போட்ட ஜன்னல் தாழ்வாக இருந்ததால் ரோட்டில் போகிறவர்களின் காலும் பஸ்களின் சக்கரமும் மட்டும் தெரிந்தன. ஒரு மாதத்தில் அவர் ஊர்க்காரர்களைக் கால் பார்த்தே அடையாளம் சொல்லப் பழகிவிட்டார். அந்தக் கால்கள் எல்லாம் எங்கேயோ போய்க்கொண்டே இருப்பதைப் பார்க்கப் பார்க்க, தம்முடைய கால் இரண்டும் வேறு யாரோ இரவல் கொடுத்து வாங்க மறந்துபோன சாமான்போல அவருக்குத் தோன்றியது.

ஜூலை முப்பத்தொன்றாம் தேதி சீனியம்மாள் வந்தாள். முப்பத்தோரு பேரில் பாக்கி ஆகக் குறைந்தவள் அவள். முப்பது நாள் மாதங்களில் அவளுக்கு முறையே கிடையாது. பத்து மைல் தள்ளி ஒரு கரிசல் கிராமத்தில் ஒண்டியாக விவசாயம் பார்க்கிறவள், அறுபது வயது. பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, கருகிப்போன கிணற்று மோட்டாரை மாற்றுவதற்காக, வருஷ விளைச்சல் பதினாலு மூட்டையையும் இதே வாசலில்தான் இறக்கினாள். "புதன்கிழமை வந்து பணத்த வாங்கிக்கிடுங்க தாயி" என்று சொல்லித்தான் தங்கப்பழம் அவளை அனுப்பினார்.

அவள் உள்ளே வந்து, காலியான மண்டியைச் சுற்றிப் பார்த்து, சுவரோரம் உட்கார்ந்தாள்.

"ஒங்கள வச்சு நான் என்ன மொதலாளி செய்யட்டும்?"

"நீங்க சொல்லுங்க தாயி. எழுதணுமா, எதும் கணக்குப் பாக்கணுமா?"

"எனக்கு எழுதுததுக்கு என்ன கெடக்கு?" அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். "மோட்டார் இல்லாம நாத்துக்கு ஒவ்வொரு கொடமாத் தூக்கி ஊத்துதேன். நீங்க சும்மா இருங்க. நான் கொஞ்சம் தூங்கிட்டுப் போறேன். எங்க வீட்ல தூங்குனா வேல கண்ணுல படுது."

அங்கே மிச்சமிருந்த ஒரே சாக்கை அவர் விரித்துக் கொடுத்தார். அவள் கையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள், வாய் லேசாகத் திறந்திருந்தது, பாதம் இரண்டும் வெடித்துக் கிடந்தன. ஜன்னல் வெயில் அவள் முகத்துக்கு நகர்ந்துவந்தபோது தங்கப்பழம் எழுந்துபோய் ஜன்னலை மறைத்து நின்றார். மூன்று மணி நேரம் நின்றார். மற்ற முப்பது பேர் வந்தபோதெல்லாம் வராத நினைப்பு ஒன்று அப்போது வந்தது. வடக்கே கடை சாத்திய செய்தி அவருக்குப் போனில் வந்தது அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை. ஊரில் யாருக்கும் அது தெரியாது. செல்லக்கனிக்கும் தெரியாது. எல்லாம் முடிந்தது என்று தெரிந்தே அவர் அந்தப் பதினாலு மூட்டையை எடைபோட்டு வாங்கி, அன்றைக்கே கைக்காசுக்கு விற்று, பாக்கி கேட்டு வாசலில் வந்து சத்தம்போட்ட ஒருவரின் வாயை அடைத்திருந்தார்.

ஆவணியில் மகள் ஜெயக்கொடிக்கு முன்பே நிச்சயித்த கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். பெண்ணின் தகப்பனார் ஒரு சொத்தில் சேர்ந்திருப்பதாகத் தகவல் வந்ததும், எங்கள் பக்கத்திலும் ஒருவர் இப்படிக் குளத்துக் குத்தகையில் சேர்ந்துபோனார் என்று சொல்லி, கல்யாணத்தை மண்டியிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். கடன் கொடுத்தவர்கள் ஒருநாள் முறையை விட்டுக்கொடுத்து, அவர்களே தோரணமும் கட்டினார்கள். தாரை வார்க்கிற நேரத்தில்தான் சிக்கல் வந்தது. ஒரு சொத்து இன்னொருவருக்குத் தானம் கொடுக்க முடியாது, கொடுத்தால் கல்யாணமே நாளைக்கு வில்லங்கத்தில் போய் நிற்கும் என்று நெல்லையப்பன் மெதுவாகச் சொன்னார். செம்பு மாசானமுத்துவின் கைக்குப் போனது. பொறுப்பாளர் என்ற முறையில் அவர் மகளைத் தாரை வார்க்க, தங்கப்பழம் மூன்றாவது வரிசையில் நின்று அட்சதை போட்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறும்போது வாசல்படிவரை வந்து நின்றார். ஜெயக்கொடி படியிறங்கி நாலடி போய்த் திரும்பி, "அப்பா, வாரேன்" என்றாள். அவர் கையை நீட்டினார். படியின் விளிம்புவரை போயிற்று, அதற்கு மேல் போகவில்லை.

அக்டோபரில் மண்டிக்கு ஆள் வந்தது. செல்போன் கடை வைக்கப்போகிற வெளியூர்க்காரர் ஒருவர் நல்ல விலை சொன்னார், உள்ளே ஒருவர் இருப்பது தெரிந்ததும் அவரைக் காலி செய்து தந்தால்தான் பத்திரம் என்றார். ஆளைத் தனியாக ஏலம் போட்டுப் பார்த்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. நெல்லையப்பன் ஒரு வழி சொன்னார். முப்பத்தோரு பேரும் வருவதை வாங்கிக்கொண்டு, இந்த உருப்படியில் தங்களுக்குப் பாத்தியம் ஏதும் இல்லையென்று விடுதலை எழுதிக்கொடுத்துவிட்டால், தங்கப்பழம் மறுபடி தங்கப்பழத்துக்கே பாத்தியமாகிவிடுவார். வெளியூர்க்காரர் முன்பணம் கொடுத்தார். கடன் ரூபாய்க்கு நாற்பது பைசா வீதம் வரும் என்று கணக்கானது. முதல் தேதிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சீட்டு அம்மாள் போட்டுவிட்டு அழுதாள். தாயக்காரருக்கு மனசே இல்லை, "இனிமே யாரு கூட வெளையாட" என்று ஒரு வாரம் இழுத்தடித்துப் போட்டார். முப்பது பேர் போட்டார்கள். சீனியம்மாள் மட்டும் போடவில்லை.

ஊரே அவள் மேல் ஏறி விழுந்தது. ஆகச் சின்னப் பாக்கிக்காரி ஒருத்தி எல்லார் பணத்தையும் மறித்துக்கொண்டு நிற்கிறாளே என்றார்கள். மாசானமுத்து இரண்டு தடவை அவள் கிராமத்துக்குப் போய் வந்தார். கார்த்திகை பிறந்து ஐந்தாறு நாள் கழித்து, ஒரு காலைவேளையில், அவளே பஸ் ஏறி வந்தாள்.

மண்டி நிறையக் கூட்டம். செல்லக்கனி காலைப் பலகாரத்தோடு வந்தவள், தூக்குவாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நெல்லையப்பன் மை டப்பியைத் திறந்து வைத்தார்.

"நான் கூடக் கொறையக் கேக்க வரல" என்றாள் சீனியம்மாள். "மொதலாளிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு வெள்ளிக்கெழம என் மூட்டைய எறக்கும்போது, கத முடிஞ்சுபோச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாதுன்னா நீங்களும் என்னய மாதிரி ஏமாந்தவுகதான், இப்பமே ரேக வச்சிருதேன். தெரியும்னா வைக்க மாட்டேன்."

கூட்டம் சிரித்தது. "இதுக்கா இம்புட்டு நாளு? அவருக்கு எப்படித் தெரியும் ஆத்தா?" என்றார் ஒருவர். மாசானமுத்து தங்கப்பழத்தைப் பார்த்து, சொல்லிவிடுங்கள் என்பதுபோலத் தலையை அசைத்தார். வாசல்படிக்கு அந்தப் பக்கம் வெயில் பளீரென்று கிடந்தது. ஆறு மாதமாக அவர் காலையும் மாலையும் பார்த்துப் பார்த்துப் பசித்த வெயில். ஒரு சொல் சொன்னால் போதும், அந்த வெயிலில் நடந்து வீட்டுக்குப் போய், தம் வீட்டுக் குழாயில் கால் கழுவலாம். அந்தச் சொல்லை அவர் வாய்வரை கொண்டுவந்தார். சீனியம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்குத் தான் படுத்துத் தூங்கிய சுவரோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் தாயி" என்றார் தங்கப்பழம். "முந்தின நாளே தெரியும்."

செல்லக்கனி தூக்குவாளியை இடுப்பிலிருந்து இறக்கினாள். "எங்கிட்டகூடச் சொல்லலையே" என்றாள் அவள். வாளியைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

சீனியம்மாள் மை டப்பியை மூடி நெல்லையப்பன் பக்கம் நகர்த்தினாள். "உள்ளதச் சொன்னதுக்காக வச்சிருவேன்னு நெனைச்சிக்கிடாதீக. சொன்ன சொல்லு சொன்னதுதான்."

அப்போது நெல்லையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது பேர் பாத்தியத்தை விட்டாயிற்று, ஒருத்தர் விடவில்லை. விட்ட பாத்தியமெல்லாம் விடாதவரிடம்தான் போய்ச் சேரும், நடுவிலே நிற்காது என்று விளக்கினார். "அப்படின்னா, ஆத்தா, இந்த உருப்படி முழுசும் இப்ப ஒனக்குத்தான். என்ன செய்யப் போற?"

சீனியம்மாள் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"என் சாமான நான் ஏன் அடுத்தவன் கட்டடத்துல போட்டு வைக்கணும்? எந்திரிங்க மொதலாளி, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவள் முன்னால் நடந்தாள். தங்கப்பழம் அவள் பின்னால் நடந்தார். படியில் அவர் கால் தயங்கியது, தயங்கிய கால் சட்டென்று வெயிலில் இறங்கிவிட்டது, ஒருவரும் கை தட்டவில்லை. அவர் இடது பக்கம், வீடு இருக்கிற திசையில், ஓர் அடி எடுத்துவைக்கப் பார்த்தார். முடியவில்லை. சீனியம்மாள் போகிற திசையில்தான் கால் போயிற்று.

பஸ் புறப்படுகிற நேரத்தில் செல்லக்கனி வேகமாக வந்தாள். ஒரு மஞ்சள் பையை ஜன்னல் வழியாக அவர் மடியில் போட்டாள். "உடுத்த ரெண்டு சாரமும் சட்டையும் இருக்கு. சர்க்கரை மாத்திரை அடியில கெடக்கு, சாப்பாட்டுக்கு முன்னாடி." "பேசறதுக்கு எனக்கு இன்னும் நாளாகும்" என்று சொல்லிவிட்டு, பஸ் நகரும்வரை நிற்காமல் திரும்பி நடந்தாள். அவர் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் வந்து சீனியம்மாளுக்கு ஒரு டிக்கெட் கிழித்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "இது?" என்றார்.

"இந்த மொதலாளி என்னோடது."

அந்த வழியில் எத்தனையோ பார்த்திருந்த கண்டக்டர், மறுபேச்சில்லாமல் ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்து அவள் கையிலேயே கொடுத்தார். "சாமான சீட்டுல வைக்கக் கூடாதும்மா. பின்னால வச்சிரு." தங்கப்பழம் எழுந்து போய், பின்படிக்கட்டோரம் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் காற்று அடித்தது. அது நன்றாக இருந்தது என்பதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

கரிசல்காட்டு நிறுத்தத்தில் இறங்கியதும் கேட்டார்: "எம்புட்டு நாளைக்குத் தாயி?"

"எனக்கென்ன தெரியும்? கோவம் தீரணும்லா" என்றாள் சீனியம்மாள், நடையை நிறுத்தாமல். கொஞ்ச தூரம் போய், "மொதலாளி, மொளகாப் பூ என்ன நெறம்?" என்று கேட்டாள்.

முப்பது வருஷமாக மிளகாயால் பிழைத்தவர், அதன் விதைச் சத்தத்தில் ஊர் சொன்னவர், வழி நெடுக யோசித்துப் பார்த்தார். மூட்டையாக வந்த பிறகே அவர் அதைப் பார்த்திருக்கிறார்.

"செகப்பாத்தான் இருக்கும்" என்றார்.

அவள் அவரை முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. வண்டிப்பாதை முடிந்த இடத்தில் அவளுடைய காடு ஆரம்பித்தது. முழங்கால் உயரச் செடிகள் வரிசை வரிசையாக, பச்சையைத் தவிர வேறொன்றும் அவர் கண்ணுக்குப் படவில்லை. அவள் களைக்கொத்து ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நின்னுக்கிட்டுப் பாத்தாத் தெரியாது. அது தரையப் பாத்துத்தான் பூக்கும். குனிஞ்சு பாருங்க."

தங்கப்பழம் குனிந்தார்.